கடலுக்கு முன் ஒரு கிணறு

சுருளிப்பட்டிப் பக்கம், பன்னீர் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே படி வைத்துக் கட்டிய பெரிய கிணறு. தை மாதம் என்பதால் தண்ணீர் மேல் படிவரை கிடக்கிறது. துவைகல்லில் உட்கார்ந்திருக்கிறேன். என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு அவர்கள் வேலை.

ஆறேழு பேர். படிப்பை முடித்த பிள்ளைகள், ஒரு பள்ளி ஆசிரியை, கம்பத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஒருவர். மாசி பிறந்ததும் தூத்துக்குடியில் வள்ளம் ஏறி, மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் குழுவுக்குத் தொண்டர்களாகப் போகிறார்கள். சம்பளம் கிடையாது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் 21 தீவுகள். 1986-இல் தேசியப் பூங்காவான கடல் அது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அனுமதி விண்ணப்பத்தின் நகல், மழைக்கோட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது.

தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் படிகளின் மேல் அளவு நாடாவை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலுமாக ஒரு பெண் குப்புற மிதக்கிறாள். கையில் பெயின்ட் வாளி மூடியை வெட்டிச் செய்த வெள்ளைப் பலகை. நூலில் கட்டிய பென்சில். அரை மீட்டருக்கு ஒரு தரம், நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுத வேண்டும். கையகலம் தள்ளி எவ்வளவு அழகான பவளம் இருந்தாலும் அது கணக்கில் வராது. இங்கே பவளத்துக்குப் பதில் கருங்கல், உடைகல், ஆற்று மணல். முல்லையாற்றிலிருந்து சாக்கில் அள்ளிவந்து படிகளில் பரப்பியிருக்கிறார்கள். பதினைந்து சென்டிமீட்டருக்கு மேலே போனால் பாறை. அதற்குக் கீழே சல்லி. அரை சென்டிமீட்டருக்கும் குறைந்தால் மணல். விரலால் கிளறிவிட்டால் உடனே அடியில் இறங்குவது மணல். இறங்காமல் புகையாக நிற்பது வண்டல்.

அவள் கரையேறியதும் மெக்கானிக் இறங்குகிறார். அதே நாடா, அதே படி. பிறகு இரண்டு பலகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகவில்லை. அவர் பாறை என்று எழுதியதை அவள் சல்லி என்று எழுதியிருக்கிறாள். வாய்ச்சண்டை இல்லை. அந்தக் கல்லை எடுத்துவந்து அளக்கிறார்கள். பதினான்கு. இரண்டு பேரும் மறுபடி இறங்குகிறார்கள். நீச்சலும் பாய்மரமும்தான் இந்தப் பயணத்துக்குத் தயாராவது என்று நினைத்து வந்தேன். நேரம் முழுக்க இதற்கே போகிறது. ஒருவர் கண்ணும் இன்னொருவர் கண்ணும் ஒரே கல்லை ஒரே கல்லாகப் பார்க்கப் பழகாவிட்டால், அடுத்த ஆண்டு வருகிறவருக்கு அந்தக் காகிதத்தால் ஒரு பயனும் இல்லை.

பந்தல் நிழலில் தூத்துக்குடிக்காரர். வள்ளத்தின் சொந்தக்காரர். பாய் கட்டும் பருமலுக்குப் பதில் மூங்கில், பாய்க்குப் பதில் தார்ப்பாய். பாயைச் சுருக்கவும் கயிற்றைச் சட்டென்று விடவும் காட்டிக்கொடுக்கிறார். எஞ்சின் இருக்கிறதாம், பவளப்பாரை நெருங்கியதும் நிறுத்திவிடுவாராம். எஞ்சின் விசிறி கலக்கினால் வண்டல் எழும்பி ஒன்றும் தெரியாது. அங்கே பவளம் பெரும்பாலும் இரண்டு ஆள் ஆழத்துக்குள்தான்.

"ஆடியில இங்க ஒங்க பந்தலப் பிடுங்குற காத்துதான் அங்க கச்சான். அப்ப வந்தியன்னா கலங்கல் தண்ணிதான். மாசி பங்குனிதான் தெளிவு."

நங்கூரத்தை மணலில் மட்டுமே போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறார். "எங்க ஐயா காலத்துல வள்ளம் வள்ளமாக் கல்லு எடுத்தாங்க. சுண்ணாம்புக்கு." யாரும் பதில் சொல்லவில்லை. பவளம் எடுப்பது 2001-இல் காட்டுயிர்ச் சட்டத்தின் முதல் பட்டியலால் தடையானது. அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. அலையைத் தாங்க முன்னால் நின்ற பாரையே வெட்டினால் தீவு என்ன செய்யும்? கல் எடுத்த வீட்டுப் பிள்ளை இன்று கல்லை எண்ண வள்ளம் தருகிறார். அந்த மனசு பெரியது.

கிணற்றுக்காரர், எழுபது வயது இருக்கும், வெற்றிலையை மென்றபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆசிரியை பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுக்கிறார். பவளத்தின் நிறத்தைப் பார்க்கும் வண்ண அட்டை. குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 2002-இல் தொடங்கிய முயற்சியில் வந்தது. நான்கு வண்ண வரிசைகள். ஒவ்வொன்றிலும் வெளிறலில் தொடங்கி அடர்த்தி வரை ஆறு படிகள். பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் தருகிறது, சோறும் போடுகிறது. கடல் சூடேறினால் பாசி வெளியேறும், பவளம் வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் பெரிதாக வெளுத்தது. ஒரு பவளத்தின் மிக வெளிறிய இடம், மிக அடர்ந்த இடம் இரண்டையும் அட்டையோடு ஒப்பிட்டு எண் எழுத வேண்டும். பின்னாளில் அந்த எண் இரண்டு படி இறங்கினால் ஆபத்து.

"இது நம்ம நெல்லுக்குப் பாக்குற அட்டைல்ல?" என்கிறார் பெரியவர்.

வீட்டுக்குப் போய் எடுத்துவருகிறார். இலை வண்ண அட்டை. ஓரம் தேய்ந்து, சேற்றுக்கறை படிந்தது. அதிலும் ஆறு படிகள், ஆறு பச்சை. பத்து இலைகளை அட்டையில் வைத்துப் பார்த்து, நிறம் குறைந்தால்தான் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு 3-க்குக் கீழே, மற்ற ரகங்களுக்கு 4-க்குக் கீழே. இரண்டு அட்டைகளும் துவைகல்லில், என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. ஆசிரியை குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"காலைல பத்து மணிக்குள்ள பாக்கணும்த்தா. வெயில் நேரா இலைல படக்கூடாது. முக்கியமா ஒரே ஆளு பாக்கணும். எம்மகன் ஒரு வாரம் பாத்தான், நான் ஒரு வாரம் பாத்தேன், உரம் ஒண்ணுக்கு ரெண்டாப் போச்சு."

"எல்லாரும் மாத்தி மாத்திப் பாக்கலாம்னு இருந்தோம் தாத்தா."

"அப்ப நெறம் மாறுனது பவளத்துலயா, கண்ணுலயான்னு எப்பிடித் தெரியும்?"

ஆசிரியை பயணத் திட்டத்தை விரிக்கிறார். வண்ண அட்டை என்று எழுதியிருந்த இடத்தில் இருந்த நான்கு பெயர்களில் மூன்றை அடிக்கிறார். மிச்சம் நிற்பது சற்றுமுன் கல்லைச் சரியாகச் சொன்ன அந்தப் பெண்ணின் பெயர். அடிபட்ட பெயர்களில் ஒன்று மெக்கானிக்குடையது. பாய்க்கயிறு தனக்கு என்று அவரே சொல்லி, மூங்கிலை நோக்கி நடக்கிறார். பந்தலில் முற்றிய இலையும் கொழுந்துமாகப் பறித்துவந்து, பெரியவர் ஒவ்வொன்றாக நீட்ட, அவள் எண் சொல்லத் தொடங்குகிறாள்.