வீட்டு மூலையில ஒரு சர்வர்

கூகுள் போட்டோஸ்ல இலவசமா அள்ளிப் போட்ட காலம் 2021 ஜூனோட முடிஞ்சுது. 15 ஜிபி நிரம்பினதும் தங்கமணி கேட்டாங்க: "மாசாமாசம் காசு கட்டணுமா? நீங்கதான் பெரிய கம்ப்யூட்டர்காரராச்சே?" தன்மானப் பிரச்சினை! ஆனா அப்பாவோட கடைசி பத்து வருஷப் படமும் அதுலதான் இருக்கு. அவரு இப்ப இல்ல. அதனால விளையாட முடியாது.

முதல்ல மெஷின். பரண் மேல கிடந்த டெஸ்க்டாப் சும்மா இருந்தாலே 60 வாட். ரெண்டு மாச கரண்டு பில்லுல 88 யூனிட் கூடும், ஸ்லாப் எகிறிடும். ராஸ்பெர்ரி பை சிக்கனம்தான். ஆனா எஸ்டி கார்டுல டேட்டாபேஸ் ஓடினா கார்டு சீக்கிரம் மண்டையைப் போடும். பழைய லேப்டாப்? எப்பவும் சார்ஜ்லயே கிடந்தா பேட்டரி உப்பும், எனக்கு பயம். கடைசியில இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி. சும்மா இருக்கும்போது 10 வாட்டுக்குள்ள. படங்களுக்கு இம்மிச்.

இனிமேதான் மேட்டரே. வெளியிலேர்ந்து படம் பார்க்கணும்னா ரவுட்டர்ல போர்ட்டைத் திறந்து விடுன்னு சொல்ற புண்ணியவான்கள் உண்டு. 2022 ஜனவரியில டெட்போல்ட்னு ஒரு ரான்சம்வேர் வந்துது. இன்டர்நெட்டுக்குத் திறந்து கிடந்த க்யூநாப் பெட்டிகளா பார்த்துப் புகுந்து, ஃபைலையெல்லாம் பூட்டிட்டு, 0.03 பிட்காயின் கேட்டுது. அதுல எத்தனை பேரோட அப்பா படம் இருந்துதோ.

அதனால நான் ஒரு போர்ட்டும் திறக்கல. திறந்தாலும் வேலைக்காகாது. ரவுட்டரோட வான் ஐபி 100.64-லேர்ந்து 100.127-க்குள்ள இருந்தா, தெரு மொத்தத்துக்கும் ஒரே முகவரின்னு அர்த்தம். நம்ம வீடும் அப்படித்தான். டெயில்ஸ்கேல் அதையும் தாண்டி வருது. உள்ளே ஓடுறது வயர்கார்டு. சாவி இல்லாதவன் தட்டினா பதிலே சொல்லாது. (ஐபிவி6-ல அந்தப் பொது முகவரிக் கதை கிடையாது. ரவுட்டர் ஃபயர்வால் ஆன்ல இருக்கான்னு பார்த்துக்குங்க மக்களே.)

திருடன் பெட்டியையே தூக்கிட்டுப் போனா? படங்க இருக்கற டிஸ்க்கை மட்டும் என்க்ரிப்ட் பண்ணியிருக்கேன். கரண்ட் போய் வந்தா நான் பாஸ்வேர்டு அடிக்கிற வரைக்கும் ஆல்பம் திறக்காது. வீட்ல திட்டு விழும், பரவாயில்ல.

ரெய்டு பேக்கப் இல்ல. பூட்டு விழுந்தா ரெண்டு டிஸ்க்குலயும் விழும். இன்னொரு டிஸ்க் அக்கா வீட்டு பீரோவுல. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துட்டு வந்து புதுசையும் காப்பி பண்ணி, பழைய ஆல்பத்துல ஏதாவது பத்து படத்தைத் திறந்து பார்த்துட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறேன்.