ஒரே ஏத்தம்... ரெண்டு சைக்கிள்!

"கியர் மாத்தத் தெரியுமா?"னு வாடகை சைக்கிள் கடைக்காரர் கேட்டப்போ சிரிப்புதான் வந்துச்சு. ஸ்கூல் நாள்லேர்ந்து கியர் சைக்கிள் ஓட்டுற ஆள்கிட்ட கேட்கிற கேள்வியா இது? முதல் பெரிய ஏத்தத்திலேயே சிரிப்பு காணாமப் போயிடுச்சு!

இடம்: இத்தாலியில், டஸ்கனியின் கியாண்டி மலைப்பகுதி. கயோலேனு ஒரு குட்டி ஊர். சுத்திலும் திராட்சைத் தோட்டங்கள், நெடுநெடுனு சைப்ரஸ் மரங்கள், நடுவே சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை மண் ரோடு. 'ஸ்த்ராதே பியான்கே'ன்னா இத்தாலியில் 'வெள்ளைச் சாலைகள்'.

முதல் நாள், பழைய ஸ்டீல் சைக்கிள். கியர் லீவர் ஹேண்டில்பாரில் கிடையாது. கீழே, சரிவா இறங்குற ஃப்ரேம் பாரில் இருக்கு. ஒரு கையை விட்டுட்டுக் குனிஞ்சுதான் மாத்தணும். 'க்ளிக்' சத்தமும் வராது. எவ்வளவு தள்ளணும்ங்கிறதை நம்ம காதுதான் சொல்லணும்!

ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும்போது, மூச்சு முட்டின பிறகு லீவரை இழுத்தேன். மொத்த பலத்தோட பெடலை மிதிச்சுட்டு இருந்ததால், செயின் ரெண்டு பல்சக்கரத்துக்கு நடுவே கடகடனு கத்திட்டு அப்படியே மாட்டிக்கிச்சு. காலோ பெடல் வாரில் சிக்கியிருக்கு. தொபுக்கடீர்!

பின்னால் வந்த ஒரு தாத்தா தூக்கிவிட்டார். பாஷை புரியலை. ஏத்தத்தின் ஆரம்பத்தைக் காட்டினார், காலைத் தளர்த்திக் காட்டினார், காதைத் தொட்டுக் காட்டினார். அதாவது... முன்னாடியே மாத்து, மெதுவா மிதி, சத்தத்தைக் கேளு. அன்னிக்கு சாயங்காலமே நமக்கு கை வந்துடுச்சு பாஸ்!

மறுநாள், கார்பன் சைக்கிள். 1990-ல் ஷிமானோ பிரேக் லீவரிலேயே கியரைக் கொண்டுவந்தது. 2009-ல் அதே கம்பெனி, பேட்டரியில் ஓடும் 'டிஐ2' கியரையும் இறக்குச்சு. நான் ஓட்டினது அந்த வகை. பட்டனைத் தொட்டா 'ஸ்ஸிக்'. கியர் விழுந்தாச்சு! அதே ஏத்தத்தில், ஹேண்டில்பாரை விடாமலே நிமிர்ந்து பார்த்தேன். அட, கோட்டை இவ்வளவு அழகா? நேத்து அதைக் கவனிக்கவே இல்லை. ஆனா நேத்து ரோட்டோட ஒவ்வொரு மேடும் மனப்பாடம். இன்னிக்கு ஒண்ணுகூட ஞாபகம் இல்லை!

'பழசு ஏன், புதுசு இருக்கே?'னு கேட்கிறவங்களுக்கு இந்த ரோடே பதில். தார் போட்டு மூடிடுவாங்களோங்கிற கவலையில், இந்த வெள்ளைச் சாலைகளைக் காப்பாத்த ஜியான்கார்லோ ப்ரோச்சி 1997-ல் ஆரம்பிச்சதுதான் 'லெரோய்கா'. வருஷாவருஷம் அக்டோபரில் நடக்குது. 1987 வரைக்குமான பாணி ரேஸ் சைக்கிள்களுக்குத்தான் அனுமதி. அதைப் பார்த்துப் பிறந்ததுதான் 2007-ல் தொடங்கின 'ஸ்த்ராதே பியான்கே' புரொஃபஷனல் ரேஸ். இப்போ மார்ச் மாசம், லேட்டஸ்ட் சைக்கிள்கள் இந்த மாதிரி மண் ரோடுகளில் புழுதி கிளப்பிட்டு சியன்னா நகரச் சதுக்கத்தில் போய் முடிக்குது. பழைய சைக்கிள்காரங்க ரோட்டை விட்டுக்கொடுத்திருந்தா, புது சைக்கிள்களுக்கு இந்த ரேஸ் ஏது?

சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் கேட்டார், "எது பிடிச்சுது?"

"நாளைக்கும் ரெண்டும் வேணும்... காலையில பழசு, சாயங்காலம் புதுசு!"

இந்த முறை சிரிச்சது அவர்!