அங்கிளுக்கும் ஒரு நாற்காலி போடுங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி. ஒரு பள்ளிக்கூட அரங்கம் அல்லது கல்யாண மண்டபம். சுவரில் ஒட்டியிருக்கும் பேரிங் தாளைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. தமிழ்நாட்டிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, ஓபன் செஸ் போட்டி நடக்கிற இடத்தில் இதுதான் காட்சி. எங்கு பார்த்தாலும் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெற்றோர்.

கூட்டம் கலையட்டும் என்று கொஞ்சம் தள்ளி ஒரு நடுத்தர வயதுக்காரர் காத்திருப்பார். தன் மேஜையைத் தேடிப் போய் உட்கார்ந்தால், எதிரே எட்டு வயதுப் பொடிசு. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. கை குலுக்கும், கிளாக்கைத் தட்டும், ஒன்றரை மணி நேரத்தில் அவருடைய ராஜாவை மூலையில் மடக்கும். ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்து போட்டுவிட்டு, "தேங்க் யூ அங்கிள்" என்று ஓடிப்போகும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்பார். "யார்கிட்ட தோத்தீங்க?"

"மூணாங்கிளாஸ் பையன்கிட்ட."

சிரிக்கிற விஷயம்தான். ஆனால், இப்படி நாலைந்து ஞாயிறு போனால், அந்த அங்கிள் வருவதை நிறுத்திவிடுவார். போர்டு பரணில் ஏறிவிடும். பிள்ளைகளின் இரைச்சலில் ஒரு நாற்காலி குறைந்தது யார் கண்ணிலும் படாது.

15.2 புள்ளிக் கணக்கு

பெரியவர்கள் விலகுவதற்கு ரோஷம் மட்டும் காரணமில்லை. கணக்கும் காரணம்.

ஒயிட் டவுனுக்கு வடக்கே, கடலை ஒட்டி இருக்கிறது குருசுக்குப்பம். அங்கே ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பள்ளியில் படிக்கும்போது நன்றாக செஸ் ஆடியவர். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்கில் அவருக்கு 1600 புள்ளிகள். எதிரே உட்காரும் சிறுவனுக்கு 1400.

200 புள்ளி வித்தியாசம் இருந்தால், பெரியவர் 100க்கு 76 பங்கு எடுப்பார் என்று ஃபிடே அட்டவணை எதிர்பார்க்கிறது. அவர் ஜெயித்தால் கிடைப்பது 4.8 புள்ளிகள். தோற்றால் போவது 15.2. ஒரு தோல்வியை ஈடுகட்ட மூன்று வெற்றிகள் போதாது. டிரா செய்தால்கூட 5.2 போய்விடும்.

சிறுவனுக்குக் கணக்கு வேறு. 18 வயது ஆகும்வரை, ரேட்டிங் 2300க்குக் கீழே இருந்தால், ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கு. அதே ஆட்டத்தில் ஜெயித்தால் அவனுக்கு 30.4 புள்ளிகள். வளர்கிற பிள்ளையின் ரேட்டிங் சீக்கிரம் ஏற வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அப்படியும் பிள்ளைகளின் திறமைக்குப் பின்னால் ரேட்டிங் மூச்சு வாங்க ஓடிவருகிறது. தினமும் செல்போனில் புதிர் போட்டு, வாரம் மூன்று நாள் கோச்சிங் போகிற பையன், தாளில் 1400 ஆக இருப்பான். பலகையில் 1700 ஆக ஆடுவான். பெரியவர் தோற்பது 1700 ஆளிடம். புள்ளி பறிபோவதோ 1400 ஆளிடம் தோற்ற கணக்கில்.

இந்தச் சிக்கல் ஃபிடேவுக்கும் தெரிந்தது. 2024 மார்ச் 1 முதல், 2000க்குக் கீழே இருந்த எல்லோருடைய ரேட்டிங்கையும் ஒரே ஒரு முறை உயர்த்தியது. 2000க்கு எத்தனை குறைகிறதோ அதில் 40 சதவிகிதம் கூட்டிக் கொடுத்தது. 1500 இருந்தவர் 1700 ஆனார். கீழ் எல்லையும் 1000லிருந்து 1400 ஆனது. பள்ளம் கொஞ்சம் நிரம்பியது. ஆனால், பிள்ளைகள் வளரும் வேகம் குறையப்போவதில்லையே.

சங்கத்தைக் குறை சொல்லலாமா?

'சங்கம் பிள்ளைகளை மட்டும்தான் கவனிக்கிறது' என்று பெரியவர்கள் புலம்புவது உண்டு. சங்கத்தின் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் பாடு புரியும்.

இந்தியாவில் தேசிய அளவிலான வயதுப் பிரிவுகள் 7, 9, 11, 13, 15, 17, 19 என்று போகின்றன. ஒவ்வொன்றிலும் பொதுப் பிரிவு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. மொத்தம் 14. இத்தனைக்கும் ஒரு மாநிலமோ யூனியன் பிரதேசமோ ஆள் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அரங்கம் பிடிக்க வேண்டும், ஆர்பிட்டர்களை அழைக்க வேண்டும், கோப்பை வாங்க வேண்டும். பள்ளித் தேர்வுகள் போக மிச்சமிருக்கிற சனி, ஞாயிறுகளை எண்ணிப் பாருங்கள். புதுச்சேரி மாதிரி சின்ன இடத்தில் இதைச் செய்வதற்குக் கிடைப்பது ஒரு கைப்பிடி ஆட்கள்.

பணமும் பிள்ளைகள் பக்கம்தான். மகனுடைய நுழைவுக் கட்டணத்தை அப்பா யோசிக்காமல் கட்டுவார். தனக்கென்று வந்தால் அதே அப்பா பத்து முறை யோசிப்பார்.

பிள்ளைகளுக்கென்று தனிப் போட்டி வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. தோற்ற கோபத்தில் முறைக்கிற பெரியவர்கள் உண்டு. 'டிரா, டிரா' என்று திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிப்பவர்களும் உண்டு. எதிராளியைத் தொந்தரவு செய்வது விதிப்படியே தப்பு. அதை ஆர்பிட்டரிடம் சொல்ல எட்டு வயதுக் குழந்தைக்குத் தைரியம் வராது. சம வயதுக்காரர்களோடு ஆடும்போது அந்தப் பயம் இல்லை. பெண் பிள்ளைகள் நிறைய வருவதற்கும் தனிப் பிரிவுகள் உதவுகின்றன.

அப்புறம் என்ன, பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ளட்டுமே? அங்கேதான் சிக்கல்.

ஆனந்த் நின்ற வரிசை

இன்று சென்னையை உலகம் செஸ் நகரம் என்கிறது. 2024 டிசம்பர் 12ல் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார் குகேஷ். பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் உலகின் முதல் அண்ணன் தங்கை கிராண்ட் மாஸ்டர் ஜோடி என்று எழுதிவிடாதீர்கள். வைஷாலிதான் அக்கா! இவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஒரு மன்றம் இருந்தது.

இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன். ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1972ல் சென்னையில் இருந்த சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப்பை ஆரம்பித்தார். அம்மா சுசீலாவிடம் ஆறு வயதில் செஸ் கற்ற விஸ்வநாதன் ஆனந்த், சிறுவனாக அங்கே போய்ச் சேர்ந்தார்.

அங்கே பிளிட்ஸ் ஆட்டம் பிரபலம். ஜெயித்தவர் நாற்காலியை விட்டு எழ வேண்டாம். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சிறுவன் என்று யாரும் சலுகை தரவில்லை. திரும்ப ஆட வேண்டும் என்றால் வரிசையில் நிற்க வேண்டும். நாற்காலியைவிட்டு எழக் கூடாது என்றால் ஜெயிக்க வேண்டும். 'மின்னல் வேகம்' என்று உலகம் பின்னாளில் வியந்த ஆனந்தின் ஆட்டத்துக்கு அந்த வரிசையில் பங்கு உண்டு. 1988ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். அந்த வரிசையில் அவரோடு நின்ற பெரியவர்கள் பலர் எந்தப் பட்டமும் வாங்கவில்லை. மாலையில் செஸ் ஆட வந்தவர்கள், அவ்வளவுதான்.

சம வயதுப் பிள்ளைகளோடு மட்டும் ஆடுகிற குழந்தைக்குக் கிடைக்காத ஒன்று அங்கே இருந்தது. பெரியவர் மெதுவாக ஆடுவார். காய் குறைந்தாலும் பதறமாட்டார். எண்ட்கேமில் ஒரு சிப்பாயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உயிரை வாங்குவார். செல்போன் செயலியிடம் இந்தப் பொறுமையைக் கற்க முடியாது.

இரு தரப்பு இல்லை, ஒரே ஆள்

இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வயதுப் பிரிவுகளில் இன்று ஆடுகிற பிள்ளைகளில் எத்தனை பேர் கிராண்ட் மாஸ்டர் ஆவார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். பத்தாம் வகுப்பு வந்ததும் பாதிப் பேருக்கு வீட்டில் தடை விழும். 'பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்டா' என்பார்கள். பிளஸ் டூவில் இன்னும் கொஞ்சம் பேர். பிறகு கல்லூரி, வேலை, கல்யாணம்.

இருபத்தைந்து வயதில் ஒருநாள் திரும்ப ஆடலாம் என்று தோன்றும். போட்டி அரங்குக்கு வந்தால் எதிரே எட்டு வயதுப் பொடிசு. கை குலுக்கிவிட்டுச் சொல்லும்: "ஹலோ அங்கிள்."

ஆக, 'பிள்ளைகளுக்கா, பெரியவர்களுக்கா?' என்று சங்கம் பங்கு பிரிப்பது இரண்டு தரப்புக்கு நடுவில் இல்லை. ஒரே ஆளின் இரண்டு வயதுகளுக்கு நடுவில். பெரியவர்களுக்கு இடமில்லாத சங்கம், தன் பிள்ளைகளிடம் 'பதினாறு வயதுவரை இரு, அப்புறம் கிளம்பு' என்றுதான் சொல்கிறது.

சங்கத்துக்கே இதில் நஷ்டம் உண்டு. மகனோ மகளோ ஆடும்வரை பெற்றோர் ஓடியாடி உதவுவார்கள். பிள்ளை நிறுத்தியதும் அவர்களும் நின்றுவிடுவார்கள். நாற்பது வருடம் சங்கத்தைத் தாங்குகிறவர், தானும் ஆடுகிறவராகத்தான் இருப்பார்.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு போட்டி

என்ன செய்யலாம்? பெரிய பணம் தேவைப்படாத வழிகள் இருக்கின்றன.

முதலில் நேரம். ஞாயிறு காலை 9 மணி முதல் இரவு வரை ஒரு குடும்பஸ்தரால் உட்கார முடியாது. குருசுக்குப்பம் போன்ற கடலோரத்தில், விடிவதற்கு முன் கடலுக்குப் போய்த் திரும்புகிறவருக்கும், கூடையில் மீன் விற்கிறவருக்கும் அது வேலை நேரம். வார நாள் மாலையில் மூன்று ரேபிட் ஆட்டங்கள் வைத்தால் அவர்கள் வருவார்கள். ரேபிட்டுக்கும் பிளிட்ஸுக்கும் ஃபிடேயில் தனித்தனி ரேட்டிங். அதனால் பொத்திப் பாதுகாக்கிற அந்த 1600க்கு ஆபத்தில்லை.

அடுத்தது காலம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். புதுச்சேரிக்கும் அது பொருந்தும். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அதே நாள்களில்தான் பள்ளிக்குக் கோடை விடுமுறையும் வரும். அப்பாவும் பிள்ளையும் ஒருசேர வீட்டில் இருக்கிற காலம் வருடத்தில் அதுதான். குடும்பப் போட்டி நடத்த அதைவிட நல்ல தேதி கிடைக்காது.

மூன்றாவது அணி. நாலு பேர் கொண்ட தெரு அணி. ஒருவர் 12 வயதுக்குள், ஒருவர் 18 வயதுக்குள், ஒருவர் பெண், ஒருவர் 40 வயதைத் தாண்டியவர். குருசுக்குப்பம் அணி, வைத்திக்குப்பம் அணி என்று பெயர் வைத்துவிட்டால், அங்கிள் தோற்றாலும் பொடிசு ஜெயித்துக் கொடுக்கும். கேரம் போர்டைச் சுற்றி உட்காரும்போது யாரும் யாருடைய வயதையும் கேட்பதில்லை. செஸ்ஸிலும் அந்தப் பழக்கம் வர அணி ஆட்டம் உதவும்.

புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸிடமிருந்தும் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். அங்கே செஸ் கூட்டமைப்பின் உறுப்பினர் அட்டை கிளப் வழியாகத்தான் கிடைக்கும். அதில் இரண்டு வகை. நீண்ட நேர ஆட்டங்கள் உட்பட எல்லாப் போட்டிக்கும் ஒன்று. ரேபிட், பிளிட்ஸ் மட்டும் ஆடுகிறவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் இன்னொன்று. 'எனக்கு சாம்பியன் ஆக வேண்டாம், மாலையில் இரண்டு ஆட்டம் போதும்' என்கிறவருக்கும் அங்கே அட்டை உண்டு.

நான்காவது, காத்திருக்கிற அம்மாக்கள். பிள்ளைக்காகவே காய் நகர்த்தக் கற்றுக்கொண்ட அம்மாக்கள் அரங்கத்துக்கு வெளியே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக வெளி வராந்தாவில் பத்து போர்டு போட்டால் அதுவே ஒரு போட்டி.

வயதானால் மூளை மழுங்கிவிடும், இனி எதற்கு என்று நினைப்பவர்கள் விக்டர் கோர்ச்னாயைப் பார்க்கலாம். 2011 ஜனவரியில் ஜிப்ரால்டரில், 18 வயது ஃபேபியானோ கரூவானாவை வீழ்த்தினார். அப்போது கோர்ச்னாய்க்கு 79 வயது. அதே வருடம் 80 வயதில் சுவிட்சர்லாந்தின் தேசிய சாம்பியனும் ஆனார். உலக சீனியர் போட்டியில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு பிரிவு, 65ஐத் தாண்டியவர்களுக்கு ஒரு பிரிவு என்று இரண்டு இருக்கின்றன. எல்லோரும் கோர்ச்னாய் ஆக முடியாது. எல்லோரும் குகேஷ் ஆகவும் முடியாதே!

அடுத்த முறை பிள்ளையைப் போட்டியில் விடப் போகும்போது, பதிவு மேஜையில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "பெரியவங்களுக்கு எப்போ சார் நடத்துவீங்க?" பத்துப் பேர் கேட்டால் அது புலம்பல் இல்லை, கோரிக்கை. அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பரணில் இருக்கிற போர்டைத் தூசி தட்டி எடுங்கள். காயில் ஏதாவது தொலைந்திருந்தால் பாட்டில் மூடி போதும்.