வலியில்லாத உதிரப்போக்கு

கருவுற்ற தாய் ஒருத்தி ஏழாம் மாதம் கடந்தபின் உதிரம் காண்பாளாயின், அது சிறிதளவேயாயினும், பொழுது விடியட்டும் என்று வீட்டார் காத்திருத்தலாகாது. வலி இல்லையே என்று ஆறுதல் கொள்வதும் தவறு. சில வேளைகளில் வலியின்மையே பேராபத்தின் அறிகுறியாகும்.

2016-ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஓரிரவு, பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என் கதவைத் தட்டினார். எட்டாம் மாதத்திலிருந்த அவர் மனைவிக்கு உறக்கத்திலேயே உதிரம் போயிருந்தது. "வலியே இல்லை சாமி. படுத்திருந்தால் நின்றுவிடும் என்கிறார் அம்மா. நீங்கள் வந்து செபித்தால் போதும்" என்றார். "செபத்தை வண்டியிலே சொல்லுவோம் தம்பி, முதலில் 108-ஐக் கூப்பிடு" என்றேன்.

மருத்துவமனையில் இரு கைகளிலும் ஊசி ஏற்றி, இரத்த வகை பார்க்க அனுப்பி, சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்டனர். ஆயினும் கைவிட்டு உட்பரிசோதனை செய்யவில்லை. மாமியார் முணுமுணுத்தார். மருத்துவ அம்மையார் பொறுமையாக விளக்கினார்: நஞ்சு கருப்பையின் வாயை மூடிக் கிடந்தால், விரல் பட்டதும் உதிரம் பெருக்கெடுக்கும். ஆகவே ஸ்கேன் பார்த்த பின்னரே எதுவும். மாறாக, வயிறு கல்லாய் இறுகி வலியும் இருக்குமாயின், நஞ்சு முன்னதாகவே பிரிந்திருக்கக்கூடும். அப்போது உதிரம் உள்ளேயே தேங்கலாம். வெளியே காண்பதைக்கொண்டு இழப்பை அளவிட இயலாது.

ஸ்கேனில் நஞ்சு வாயை மூடியிருந்தது. உதிரமோ நின்றுவிட்டது. "நின்றுவிட்டதே, வீட்டுக்கு அழைத்துப் போகிறோம்" என்றனர் உறவினர். அம்மையார் இசையவில்லை. சிசுவின் நுரையீரல் முதிர ஊசி போட்டு, தாயை அங்கேயே வைத்துக் காத்தார். முற்காலத்தில் இத்தகைய சிசுக்களை உடனே பிறப்பித்து, குறைமாதத்தால் பலவற்றை இழந்தனர். காத்திருத்தலின் பயனை பெல்ஃபாஸ்ட் நகர மருத்துவர் மெக்காஃபி 1945-இல் எடுத்துரைத்தார். ஆனால் அறுவைக்கூடமும் இரத்தமும் அருகிலிருக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

அந்த இரத்தத்திற்குத்தான் தட்டுப்பாடு. உடன்பிறந்தோரே தயங்கினர். ஞாயிறு திருப்பலியின் முடிவில் அறிவித்தேன், பதினொருவர் முன்வந்தனர். 36-ஆம் வாரத்தில் அறுவை நடந்தது. இரண்டு பை இரத்தம் செலுத்தப்பட்டது. தாயும் பெண்மகவும் நலமாய் வீடு திரும்பினர்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, ஸ்கேன் அறிக்கையில் நஞ்சு எங்குள்ளது எனக் கேட்டறியுங்கள். ஐந்தாம் மாதத்தில் தாழ்ந்திருப்பது பெரும்பாலும் பின்னர் மேலேறிவிடும்; அஞ்ச வேண்டா, மீண்டும் ஸ்கேன் பாருங்கள். முன்பு சிசேரியன் ஆனவர்கள் கூடுதல் கவனம் கொள்ளுங்கள். தாயின் இரத்த வகையைக் குறித்து வையுங்கள். நெகட்டிவ் வகையாயின், உதிரம் கண்டபோது அதற்கென உள்ள ஊசியும் தேவைப்படும். 45 கிலோ எடையுள்ள நலமான ஆண் மூன்று மாதத்திற்கொருமுறையும், பெண் நான்கு மாதத்திற்கொருமுறையும் இரத்தம் தரலாம். பேறுகாலம் நெருங்கும் வீட்டில் தொட்டிலுக்கு முன்னே தேட வேண்டியது, இரத்தம் தர இசையும் இருவரை.