நான் கேட்கத் தவறிய கேள்வி

என் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய கோப்பு இருக்கிறது. பத்திரிகைப் பணியில் கழிந்த நாற்பது ஆண்டுகளில் நான் எழுதியவற்றுள், இடப்பெயர்வுக்கும் கறையானுக்கும் தப்பிய நறுக்குகள் அதில் உள்ளன. 2025 செப்டெம்பர் 3 ஆம் திகதி இரவு, போர்த்துக்கலின் லிஸ்பன் நகரிலிருந்து வந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அந்தக் கோப்பைத் தேடி எடுத்தேன்.

2003 ஆம் ஆண்டு ஞாயிறு வாரமலரில் வெளியான எனது பயணக் கட்டுரையொன்று அதில் இருந்தது. கருத்தரங்கொன்றிற்காக லிஸ்பன் சென்றிருந்தபோது அங்குள்ள குளோரியா இழுவை ரயிலில் ஏறியிறங்கிய அனுபவத்தை அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். வண்டியின் மஞ்சள் வண்ணம், மர இருக்கைகள், சாளரத்துக்கு எட்டிய தூரத்தில் நகர்ந்த வீட்டுச் சுவர்கள், வண்டியோட்டியின் மீசை வரை எல்லாவற்றையும் வர்ணித்திருந்தேன். 1885 இல் திறக்கப்பட்டது என்றும், 2002 இல் தேசியச் சின்னமாகப் பிரகடனம் செய்யப்பட்டது என்றும் தகவல்கள் சரியாகவே இருந்தன. பழமையைப் பேணும் பண்பை அவர்களிடமிருந்து நாமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற வழக்கமான உபதேசத்துடன் கட்டுரை முடிந்திருந்தது.

அந்த ரயில்தான் அன்று மாலை தடம்புரண்டிருந்தது. 16 பேர் உயிரிழந்தனர்.

கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். அந்த வண்டியைத் தாங்கி நின்ற கயிற்றைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பழனிக்குச் சென்று வந்த வாசகர்களுக்கு இழுவை ரயிலை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மலைச்சரிவில் பதித்த தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள். இரண்டையும் ஓர் உருக்குக் கயிறு இணைக்கிறது. ஒன்று இறங்கும்போது அதன் பாரமே மற்றதை மேலே இழுக்க உதவுகிறது. குளோரியாவை வடிவமைத்தவர் ராவுல் மெஸ்னியே து பொன்சார் என்ற பொறியியலாளர். ஆரம்பத்தில், மேலே நிற்கும் வண்டியின் தொட்டியில் நீர் நிரப்பிப் பாரமேற்றி அதை இறக்கினார்கள். பின்னர் நீராவி வந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் மின்சாரம் வந்தது. தரையிலுள்ள சதுக்கத்தையும் குன்றின்மேலுள்ள பைரோ ஆல்ட்டோ பகுதியையும் இணைக்கும் அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 265 மீற்றர் மாத்திரமே. நடந்தால் சில நிமிடங்கள்தான். ஆனால், முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அந்த ஏற்றத்தின் அருமை தெரியும்.

விபத்து நிகழ்ந்து ஏழு வாரங்களுக்குள், 2025 ஒக்டோபரில், போர்த்துக்கலின் விபத்து விசாரணை அமைப்பு முதற்கட்ட அறிக்கையை வெளியிட்டது. பத்திரிகைக்காரனின் பழக்கத்தில் அதன் விபரங்களைத் தேடிப் படித்தேன். வண்டிகளை இணைத்த கயிறு, மேல் வண்டியின் தளத்துக்கு அடியில், அது பொருத்தப்பட்டிருந்த இடத்திலேயே அறுந்திருந்தது. ஆட்களை ஏற்றும் சேவைக்கு அத்தகைய கயிறு சான்றளிக்கப்பட்டிருக்கவில்லை; நிறுவனம் தனக்கென வகுத்திருந்த விதிகளுக்கும் அது பொருந்தவில்லை. 600 நாட்கள் உழைக்கவேண்டிய அந்தக் கயிறு 337 நாட்களே பாவனையில் இருந்தது. விபத்தன்று காலையிலும் வண்டியைப் பரிசோதித்துக் குறையெதுவும் இல்லை என்று பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால், கயிறு அறுந்த இடம், பாகங்களைக் கழற்றினாலன்றிக் கண்ணுக்குத் தெரியாத இடம். கயிறு அறுந்ததும் வண்டியோட்டி உடனடியாக பிறேக்கைப் பிரயோகித்தார். கயிற்றின் துணையில்லாமல் வண்டியை நிறுத்தும் வலு அந்த பிறேக்குக்கு இல்லை. இறந்தவர்களுள் அவரும் ஒருவர்.

தேசியச் சின்னம் என்ற பிரகடனம் ஒரு பொருளைக் கலைக்கக்கூடாது, உருமாற்றக்கூடாது என்று கட்டளையிடுகிறது. அது நல்லதுதான். ஆயினும் வண்டியின் நிறத்தையும் வளைவையும் நாம் காவல் காக்கும்போது, ஆண்டுக்கு ஆண்டு மாற்றப்படும் கயிறு அந்தக் காவலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. கயிற்றுக்கு வயதில்லை, அழகில்லை. அதைப் படம் பிடிப்பாருமில்லை. 140 ஆண்டுப் பழமை என்று நாம் கொண்டாடியது எதை? பயணிகள் நம்பி ஏறியது ஓராண்டும் நிரம்பாத ஒரு கயிற்றை.

இது லிஸ்பனுக்கு மட்டும் உரிய கதையல்ல. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ‘ஏஞ்சல்ஸ் பிளைட்’ என்ற சிறிய இழுவை ரயில் 1901 இல் திறக்கப்பட்டது. சினாய், ஒலிவெற் என்று அதன் இரண்டு வண்டிகளுக்கும் பெயர். குன்றிலிருந்த பழைய வீடுகளை இடித்து நகரைப் புதுப்பிக்கும் திட்டத்துக்காக 1969 இல் அதைக் கழற்றிக் களஞ்சியத்தில் வைத்தார்கள். விரைவில் திரும்பி வரும் என்று கூறப்பட்டது. வந்தது 1996 இல். வண்டிகள் அதே பழைய வண்டிகள். அவற்றை அழகாகப் புதுக்கியிருந்தார்கள். ஆனால், அவற்றை இயக்கும் பொறி முற்றிலும் புதியது. 2001 பெப்ரவரியில் அந்தப் புதிய பொறியின் ஒரு பாகம் செயலிழந்தது. மேலே சென்ற வண்டி திரும்பி உருண்டு மற்றதில் மோதியது. முதியவர் ஒருவர் இறந்தார். ஏழு பேர் காயமடைந்தனர். பாதுகாப்புக்கான இரண்டாவது கயிறோ, தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் பிறேக்கோ அந்தப் புதிய அமைப்பில் இல்லை என்பதை விசாரணையாளர் சுட்டிக்காட்டினர். கண்ணுக்குத் தெரிவதில் பழமையைப் பேணியவர்கள், தெரியாததில் பழைய காலத்து எச்சரிக்கையைக் கைவிட்டிருந்தார்கள். அந்த ரயில் 2010 இல் மீண்டும் ஓடி, 2013 இல் தடம்புரண்டு நின்று, அவசரத்தில் பயணிகள் இறங்கி நடப்பதற்கான பாதையும் சேர்க்கப்பட்டு 2017 இல் திறக்கப்பட்டது.

அப்படியானால் இவற்றை நிறுத்திவிட்டு நூதனசாலையில் வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மலேசியாவின் பினாங்குக் கொடிமலை ரயில் ஏறத்தாழ அந்த வழியில் சென்றது. 1923 இல் ஓடத் தொடங்கிய அந்தப் பாதையில், நடுவழியில் இறங்கி வேறு வண்டிக்கு மாறித்தான் உச்சிக்குப் போகவேண்டும். 2010 இல் அந்தச் சேவையை நிறுத்தி, தண்டவாளத்தையும் மாற்றி, 2011 முதல் கீழிருந்து உச்சிவரை ஒரே வண்டியில் விரைந்து செல்லும் புதிய ரயிலை விட்டார்கள். பழைய வண்டிகள் காட்சிப் பொருட்களாயின. மலாயாப் புகையிரதப் பகுதியில் வேலை செய்தவரின் மகனான என் பெரியப்பா வழி அண்ணர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். தொலைபேசியில் இதைப்பற்றிக் கேட்டபோது, “தம்பி, இப்ப சுறுக்கா மேலை போயிடலாம், பயமும் இல்லை. ஆனால் ஒரு பிரயாணம் போன மாதிரியும் இல்லை” என்றார். அவரது இரண்டு வாக்கியங்களும் உண்மை. நூற்றுக்கணக்கானோர் வரிசையில் காத்து நிற்கும் மலையில் பினாங்கின் முடிவை நான் குறைகூறமாட்டேன். ஆனால், ஓடாத ரயில் ஒரு மரப்பெட்டி என்பதையும் மறுக்கமாட்டேன். தறியைக் காட்சிக்கு வைக்கலாம். நெய்யும் கை அங்கே இருக்காது.

ஓடவும் வேண்டும், ஆபத்தும் குறையவேண்டும் என்றால் என்ன செய்யலாம்? இதற்கு ஒரு நகரம் தந்த விடையை நான் நேரிலே பார்த்திருக்கிறேன். பார்த்தும் விளங்கிக்கொள்ளாமல் திரும்பியிருக்கிறேன்.

சன்பிரான்சிஸ்கோவின் கேபிள் கார், இழுவை ரயிலுக்கு உறவுமுறையானது. அங்கே கயிறு வீதிக்கு அடியில் நாள் முழுவதும் மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டியை இயக்குபவர் ஒரு நெம்புகோலால் கயிற்றைப் பிடித்தால் வண்டி நகரும். பிடியை விட்டு பிறேக்கைப் போட்டால் நிற்கும். கம்பிக்கயிறு தயாரிப்பாளரான அன்ட்ரூ ஹலிடி 1873 இல் அதைத் தொடக்கிவைத்தார். 1906 ஆம் ஆண்டின் பூகம்பமும் மின்சார ட்ராமும் அதைப் பெரிதும் சுருக்கிவிட்டன. 1947 இல், செலவு அதிகம், பஸ்களே போதும் என்று நகர மேயர் எஞ்சியதையும் மூட முனைந்தார். பிரீடெல் கிளஸ்மன் என்ற பெண்மணி பிரசைகள் குழுவொன்றை அமைத்து எதிர்த்தார். விடயம் வாக்கெடுப்புக்குச் சென்றது. காப்பாற்றவேண்டும் என்று 166,989 பேரும் வேண்டாமென்று 51,457 பேரும் வாக்களித்தனர். 1964 இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

இந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டது. நானும் எழுதியிருக்கிறேன். அதிகம் எழுதப்படாத பகுதி அதன் பின்னர் வருகிறது. தேய்ந்துபோன அமைப்பை இனி ஓட்டுவது சரியல்ல என்று உணர்ந்த நகரம், 1982 செப்டெம்பரில் முழுச் சேவையையும் நிறுத்தியது. ஏறத்தாழ 60 மில்லியன் டொலர் செலவில் தண்டவாளம், கயிறு ஓடும் கால்வாய், பொறிநிலையம் யாவற்றையும் மீளக் கட்டி, 1984 ஜூனில் திறந்தது. உல்லாசப் பயணிகள் தேடி வரும் ஒரு சின்னத்தை ஒன்றேமுக்கால் ஆண்டுகள் மூடிவைக்க ஒரு நிர்வாகத்துக்குத் துணிவு வேண்டும். அதன் பின்னர் அங்கு விபத்துக்களே நிகழவில்லை என்று சொல்லவில்லை; நிகழ்ந்திருக்கின்றன. ஆனால், மூடிப் பழுதுபார்ப்பதும் பேணலின் ஒரு பகுதியே என்று அந்த நகரம் ஏற்றுக்கொண்டது.

மகளைப் பார்க்கக் கலிபோர்னியா சென்றிருந்தபோது, கேபிள் காரில் ஏறிய பின்னர் அவள் என்னை அந்தப் பொறிநிலையத்துக்கும் அழைத்துச் சென்றாள். அதுவே நூதனசாலையும் ஆகும். மேல்மாடத்தில் நின்று கீழே பார்த்தால், பிரமாண்டமான சக்கரங்களில் அந்தக் கயிறு ஓடிக்கொண்டிருக்கும். எண்ணெய் மணமும் இரைச்சலும் காரணமாக நான் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். வண்டியோடு நின்று படமெடுத்தேன், கயிற்றைப் படமெடுக்கவில்லை. அந்த நகரம் தனது கயிற்றை எல்லோரும் வந்து பார்க்கும் இடத்தில் வைத்திருக்கிறது என்பது லிஸ்பன் செய்தியைக் கேட்ட இரவில்தான் எனக்கு உறைத்தது.

லிஸ்பன் விபத்து நிகழ்ந்து மூன்று வாரங்களில், செப்டெம்பர் 24 ஆம் திகதி, நமது குருநாகல் மாவட்டத்தில், மெல்சிறிபுரவில் உள்ள நா உயன ஆரண்ய விகாரையில், பிக்குகளை ஏற்றிச்சென்ற கேபிள் வண்டியின் கயிறு அறுந்தது. குறைந்தது ஏழு பிக்குகள் உயிரிழந்தனர். அது புராதனச் சின்னமல்ல. உலகம் வியந்து எழுதியதுமல்ல. ஆனாலும் கயிறு ஒன்றுதான். மலைமேல் ஏறும் மனிதன் தன் உயிரை ஒப்படைப்பது எங்கும் அதனிடமே.

குளோரியா மீண்டும் ஓடவேண்டும் என்றே நான் விரும்புகிறேன். அதே மஞ்சள் நிறத்துடன், அதே வீதியில். கயிறு அறுந்தாலும் தானே நிற்கக்கூடிய பிறேக்குடன் ஓடினால் அதன் பழமைக்கு ஒரு குறையும் நேர்ந்துவிடாது. கயிறு வாங்கிய திகதியும் கடைசியாகக் கழற்றிப் பார்த்த திகதியும், திறப்பு விழா ஆண்டு பொறித்த பலகைக்குப் பக்கத்தில் எழுதப்பட்டால் இன்னும் நல்லது.

இளம் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், பிரதியில் விடுபட்ட விபரங்களை ஓரத்தில் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்பும் ஒரு செய்தி ஆசிரியரின் கீழ் வேலை பழகினேன். அந்த நறுக்கை மீண்டும் கோப்பில் வைக்குமுன், அவரது முறைப்படியே மஞ்சளேறிய ஓரத்தில் எழுதினேன்: கயிறு எப்போது மாற்றப்பட்டது? பார்த்தவர் யார்? இருபத்திரண்டு ஆண்டுகள் பிந்திய கேள்விகள். அன்று அந்த வண்டியோட்டியிடம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். நான் அவரது மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.