ஆற்றுக்கில்லாத மழை

ஆகஸ்ட் மாதத்தில் டாரென்ட் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. எய்ன்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பிப் போனது அதற்காகத்தான். ஓடுகிறது என்று பலர் சொன்னார்கள், படமும் அனுப்பினார்கள். படத்தை வைத்து ஆற்றை நம்ப எனக்கு மனம் வரவில்லை. நான் அந்த ஊரை விட்டுக் கனடாவுக்குப் போனபோது மனதில் எடுத்துப்போன ஆறு 1989ஆம் ஆண்டின் ஆறு. எங்கள் கொல்லை மதிலுக்குக் கீழே வெயிலில் வெளிறிக் கிடந்த தீக்கற்கள், வெடித்துச் சுருண்ட சேறு, அதில் நாய்களின் காலடித் தடம்.

பெரிய ஆறொன்றும் அல்ல. வெஸ்டர்ஹாமில் ஊற்றெடுத்து, ஏறக்குறைய 34 கிலோமீட்டர் ஓடி, டார்ட்ஃபோர்டைத் தாண்டித் தேம்ஸில் கலந்துவிடும். பிராஸ்டெட், ஒட்ஃபோர்ட், ஓவியர் சாமுவேல் பாமர் வாழ்ந்த ஷோர்ஹாம், பிறகு எய்ன்ஸ்ஃபோர்ட், ஃபார்னிங்ஹாம், ஹோர்ட்டன் கிர்பி என்று கென்ட் மாவட்டத்தின் சிற்றூர்களைக் கோத்துக்கொண்டு போகிறது. எங்கள் ஊரில் கூன் விழுந்த பழைய கல்பாலம் ஒன்றும், பக்கத்திலேயே கார்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கடக்கும் துறையும் உண்டு. சின்னப் பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தே அக்கரை சேர்ந்துவிடுவார்கள். அந்தத் துறை வறளும் என்று யாரும் நினைத்ததில்லை.

1988 - 89 மாரியில் மழை குறைவு. 89 கோடையில் ஆற்றின் பல பகுதிகள் அடியோடு வற்றின. ஊரார் வானத்தைப் பார்த்தார்கள், வெயிலைக் குறை சொன்னார்கள். என் அம்மா நிலத்தைப் பார்த்தா.

அம்மா கீரிமலைப் பக்கத்துப் பெண். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது, சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய நீரும் அதைத் தொட வெட்டிய கிணறும்தான். கிணற்றில் விடிய எவ்வளவு நின்றது, இறைத்து முடிய எவ்வளவு இறங்கியது, மறுநாள் எவ்வளவு ஊறியது என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவ. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறும் என்பதும் அவவுக்குச் சிறு வயதிலேயே தெரியும். எழுபதுகளில் அப்பா டார்ட்ஃபோர்ட் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்கு வந்தார், பின்னாலேயே அம்மாவும் வந்தா. ஆற்றோரத்து வீடு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அம்மாதான். வீட்டு வாசலில் ஓடும் தண்ணீர் அவவின் வாழ்க்கையில் முதல் தடவை.

வறண்ட ஆற்றில் இறங்கி, ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு அம்மா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "என்ன பிள்ளை, இதை ஆறெண்டு ஆர் சொன்னது? இது கிணறு. படுத்துக் கிடக்கிற கிணறு. அவையள் அங்கால இறைக்கினம், இஞ்ச ஊத்து வத்துது."

அது அப்படியே உண்மை. டாரென்ட் தன் நடுப்பகுதியில் வெண்சுண்ணப் பாறைக்குள்ளால் போகிறது. அந்தப் பாறை மழையைக் குடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். உள்ளே நீர்மட்டம் உயர்ந்து நிற்கும் காலத்தில் பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாகக் கசிந்து ஆற்றைச் சேரும். அதனால்தான் இந்த வகை ஆறுகளின் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவு. கோடையில் கால் விறைக்கும், பனிக்காலக் காலையில் ஆவி பறக்கும். நிலத்தடியின் சூடு ஆண்டு முழுக்க அதிகம் மாறுவதில்லை என்பதே காரணம். இன்னொன்றும் உண்டு: கோடை மழையை மரமும் புல்லும் வெயிலுமே பங்கு போட்டுக்கொள்ளும். மாரி மழைதான் பாறைவரை இறங்கும். ஆகஸ்டில் ஓடுவது பெரும்பாலும் போன மாரியில் பெய்தது. அதே பாறைக்குள்தான் குடிதண்ணீருக்கான ஆழ்துளைக் கிணறுகள் இறங்கியிருக்கின்றன. லண்டனின் தென்கிழக்கிலும் டார்ட்ஃபோர்டிலும் குழாயைத் திறந்தால் வருவதில் ஒரு பங்கு இந்தப் பள்ளத்தாக்கின் அடிநீர். எங்கள் வீட்டுத் தேநீரும் அப்பாவின் புல்வெளிக்குப் போனதும் அதிலிருந்துதான். ஆண்டுக் கணக்கில் எடுத்தார்கள். எடுக்க அனுமதித்திருந்த அளவு வறட்சியை எண்ணிப் போட்ட கணக்கல்ல. மாரி பொய்த்ததும் ஆறு காணாமல் போனது.

இந்தமுறை பாலத்தடிக்குப் போனபோது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஐஸ்கிரீம், நாய்கள், துறையில் இறங்கித் தண்ணீரை வாரியடித்துப் படம் எடுத்துக்கொண்ட கார்கள். எனக்கு எரிச்சல் மூண்டது. சனத்தை விலக்கிக்கொண்டு மேலே நடந்து, சத்தம் ஓய்ந்த ஒரு வளைவில் கரையோரம் குந்தினேன். தண்ணீர் முழங்காலளவுகூட இல்லை, ஆனால் ஓடியது. நீர்ப்பூண்டு நீண்ட பச்சைக் கூந்தலாக ஒரே திசையில் படிந்து அசைந்தது. அதன் இடைவெளியில் சரளைக்கு மேலே புள்ளி போட்ட டிரவுட் மீன் ஒன்று, மேல்நீரை நோக்கி மூக்கை வைத்தபடி, நின்ற இடத்திலேயே நீந்தியது. இடைக்கிடை வாய் வெள்ளையாகத் திறந்து மூடும். எதையோ பிடித்துத் தின்கிறது. தின்பதற்கு ஏதோ இருக்கிறது. கையை விட்டேன், மணிக்கட்டு வலித்தது. அந்தக் குளிர் பாறைக்குள்ளிருந்து வருவது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்ட முடியாமல் போன ஆத்திரத்தில் அங்கேயே அழுதேன்.

அங்கிருந்து நடந்தால், ஒன்பது வளைவு கொண்ட செங்கல் ரயில் பாலத்துக்கு அடியால் போய், லல்லிங்ஸ்டோன் வந்துவிடும். ரோமர் காலத்து வீடு ஒன்றைத் தோண்டியெடுத்து, அதற்குமேல் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். நாலாம் நூற்றாண்டில் அந்த வீட்டின் மேல் அறையில் கிறிஸ்தவ வழிபாடு நடந்தது. சுவரில் கைகளை விரித்து நின்று செபிக்கும் உருவங்கள் இருந்தன, அவற்றை ஒட்டியெடுத்து பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் புத்தகங்கள் அதைத்தான் பெரிதாகப் பேசும். அம்மா பார்க்கப் போவது கீழறையை. அதன் சுவர் மாடத்தில் அதற்கும் முந்திய ஓவியம் ஒன்று: மூன்று நீர்த் தெய்வப் பெண்கள். இரண்டு பேர் அழிந்து மங்கிவிட்டார்கள். ஒருத்தியின் முகம் மட்டும் எஞ்சியிருக்கிறது, தலையில் இலை சூடியிருக்கிறாள், மார்பிலிருந்து நீர் வழிகிறது. மேலே புதிய சமயம் வந்த பிறகும் கீழே பழைய வழிபாடு தொடர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முதல்முறை பார்த்த அன்றே அம்மா செருப்பைக் கழற்றிவிட்டா. "இது எங்கட நாச்சிமார்" என்றா. காவலுக்கு நின்றவர் ஏதும் புரியாமல் சிரித்தார். நான் வெட்கப்பட்டு வெளியே ஓடினேன். இப்போது அந்த மாடத்துக்கு முன்னால் நின்றபோது, ஆற்றைக் கும்பிட்ட வீடு ஒன்று இங்கே இருந்தது என்ற நினைப்பே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் இந்தப் பள்ளத்தாக்கு கும்பிட்டதைவிட வேலை வாங்கியதே அதிகம். அரைக்கிற ஆலை, துணி ஆலை, காகித ஆலை என்று ஊருக்கு ஊர் தண்ணீரை மறித்துச் சக்கரம் சுழற்றினார்கள். எலிசபெத் மகாராணியின் நகை வேலைக்காரரான ஜான் ஸ்பில்மன் என்ற ஜெர்மானியர், 1588 வாக்கில் டார்ட்ஃபோர்டில் இந்த ஆற்றின்மேல் காகித ஆலை நிறுவினார். இங்கிலாந்தில் வெள்ளைக் காகிதம் செய்து வியாபாரமாக நிலைத்த முதல் ஆலை அதுதான். கந்தல் துணியைக் கூழாக்கிக் கழுவத் தெளிந்த நீர் வேண்டும், இந்த ஆற்றில் அது இருந்தது. சக்கரம் சுழற்றிய நீர் கீழே போய்ச் சேர்ந்துவிடும். குழாய்க்குள் ஏறிய நீர் திரும்பி இந்தப் பள்ளத்தாக்குக்கு வருவதில்லை. பல நூற்றாண்டு ஆலைகளால் முடியாததைச் சில பத்தாண்டுகளின் பம்புகள் செய்தன.

எங்கள் வீட்டை நான் பார்க்க நினைக்கவில்லை. பார்த்தேன். ஜன்னல்கள் மாறியிருந்தன, மதில் இருந்த இடத்தில் பலகை வேலி. அம்மா முருங்கை நட்டுப் பட்டுப்போன மூலையில் புல். அந்தப் புல்லுக்குமேல் தண்ணீர் தெளிப்பான் சுற்றிக்கொண்டிருந்தது, ஆகஸ்ட் நண்பகலில், ஆற்றங்கரையில். நடுரோட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"உள்ளே வா, அங்கே நிற்காதே" என்று அடுத்த வீட்டு வாசலில் இருந்து குரல் வந்தது. அன்ரிதான். அம்மாவின் ஒரே ஆங்கிலச் சிநேகிதி. அவவை நான் சின்ன வயதிலிருந்து அன்ரி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இப்போது தடி ஊன்றி நடக்கிறா, கண் மட்டும் அதே கூர்மை. தேநீர் ஊற்றினா, அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, முனை மடங்கிய கொப்பிகளை மேசையில் அடுக்கினா.

அன்ரியின் கொல்லைப் படிக்கட்டோரம் ஆற்றுக்குள் அறைந்த மரக்கட்டை ஒன்று உண்டு, அங்குலக் கோடு வெட்டியது. ஞாயிறுதோறும் நீரின் ஆழத்தைப் பார்த்து எழுதி வைப்பது அவவின் கணவர் தொடங்கிய பழக்கம். அவர் இறந்த பிறகு அன்ரி விடவில்லை. திகதி, ஆழம், மழையா வெயிலா என்று ஒரு சொல். 1989 கொப்பியில் ஜூலை வரை எண்கள் படிப்படியாக இறங்கி, பிறகு பக்கம் முழுக்க "வறட்சி, வறட்சி" என்று ஆங்கிலத்தில் அன்ரியின் சாய்ந்த எழுத்து. செப்டம்பரில் திடீரென்று எழுத்து மாறியது. உருண்ட எண்கள். சுழியம். அதற்குப் பக்கத்தில் தமிழ்.

அன்ரி அப்போது மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாவாம். கட்டையைப் பார்க்கும் பொறுப்பை அம்மாவிடம் விட்டிருக்கிறா. அம்மா எனக்கு அதைச் சொன்னதே இல்லை. "என்ன எழுதியிருக்கிறாள்? எல்லா வருடமும் யாரிடமாவது கேட்க நினைப்பேன்" என்றா அன்ரி.

முதல் வாரம்: "0. தண்ணி இல்லை." இரண்டாம் வாரம்: "0. தண்ணி இல்லை. ஒரு கொக்கு வந்து பாத்திட்டுப் போட்டுது." மூன்றாவது: "0. நல்ல மழை. ஆனா ஆத்துக்கில்லை."

வாசித்து ஆங்கிலத்தில் சொன்னேன். கொக்கைக் கேட்டு அன்ரி உரத்துச் சிரித்தா. மழைக்கு வந்ததும் தலையை ஆட்டி, "சரியாகத்தானே எழுதியிருக்கிறாள், செப்டம்பர் மழை மரத்துக்கு. ஆற்றுக்குக் கிறிஸ்துமஸ் தாண்டிப் பெய்ய வேண்டும்" என்றா. அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரமுடியுமா என்று கேட்டேன். முடியாது என்றுவிட்டா. கொப்பி முழுதாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு, வேண்டுமானால் படம் எடு. எடுத்தேன். அம்மா அதை எழுதியதற்கு அடுத்த ஆண்டு, போரில் கீரிமலைப் பக்கத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. அம்மா பிறந்த வீட்டுக் கிணற்றை அவவின் ஆட்கள் யாரும் போய்ப் பார்க்க முடியாத ஆண்டுகள் அவை. அந்த நாட்களில் அம்மா விடியக் காலையில் ஆற்றங்கரையில் போய் நிற்பது எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆறு திரும்பி வந்ததே என்று நான் நெகிழ்ந்து சொன்னபோது அன்ரிக்குக் கோபம் வந்துவிட்டது. "தானாக வரவில்லை" என்றா. ஊர்ச் சனம் சங்கம் கூட்டியது, கடிதம் எழுதியது, வறண்ட ஆற்றில் பத்திரிகைக்காரரை இறக்கி நடத்தியது. 1989இலேயே உருவான தேசிய ஆறுகள் ஆணையம், நீர் குறைந்து தவித்த ஆறுகளின் பட்டியலில் டாரென்டை முன்வரிசையில் வைத்தது. பிறகு பல ஆண்டுப் பேச்சு. எடுக்கும் அளவைக் கட்டம் கட்டமாகக் குறைக்கவைத்தார்கள். பள்ளத்தாக்கில் வீடுகள் பெருகுகின்றன, மாரி மழையும் முன்போல நம்பகமில்லை, மறுபடி வறளாது என்று யாரும் எழுதித் தரவில்லை. இதையெல்லாம் சொல்லி முடித்து, தடியால் வேலிப் பக்கம் காட்டினா. "அதைப் பார்த்து ரோட்டில் நின்றாய் அல்லவா? போய்ச் சொல். நான் சொன்னால் கிழவியின் புலம்பல் என்பார்கள்."

போய் மணியை அடித்தேன். முப்பது வயதுக்காரர் ஒருவர், தோளில் குழந்தை. இந்த வீட்டில்தான் வளர்ந்தேன் என்றதும் உள்ளே கூப்பிட்டார். வீடு பார்க்க வரவில்லை, தெளிப்பானைப் பற்றிப் பேச வந்தேன் என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் கதவை மூடவில்லை. குழாய்த் தண்ணீர் எங்கோ மலைநாட்டு அணையிலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தாராம். பம்பு நிலையங்கள் எந்தப் பக்கம், பாறை எவ்வளவு ஆழம், 1989இல் நிஜமாகவே இங்கே தண்ணீர் இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கைபேசியில் அம்மாவின் பக்கத்தைக் காட்டினேன். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இது எந்த மொழி, கொக்கு எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். தெளிப்பான் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கட்டையில் எப்படி அளப்பது, அன்ரி தனக்குச் சொல்லித் தருவாரா என்று அவர் கேட்க, வேலிக்கு மேலால் அன்ரியைக் கூப்பிட்டேன்.