இரண்டு வெற்றுத் தாள்கள்

சென்னைக்கு வருகிறவர்கள் கடற்கரையைப் பார்ப்பார்கள், கபாலீசுவரரைத் தரிசிப்பார்கள். நாமோ ஸென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கியதும் பழைய புஸ்தகக் கடைகளை நோக்கி நடப்போம். இந்த வியாதிக்கு மருந்தில்லை என்பது நம் வீட்டாரின் தீர்ப்பு.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், 1900-ல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் செங்கற் கட்டடம் 1985-ஆம் வருஷம் மே மாதத்தில் தீக்கு இரையாயிற்று. அது நின்ற இடத்திலிருந்து இப்போது புறநகர் ரயில்கள் புறப்படுகின்றன. புஸ்தக வியாபாரிகள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அங்கே ஒரு கடையில், பரீட்சைப் புஸ்தகங்களின் அடியில், அட்டை இழந்த பிரதி ஒன்று அகப்பட்டது. முகப்புத் தாள் மட்டும் தப்பியிருந்தது. தூசியைத் தட்டிப் பார்த்தோம். புறநானூறு! டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-ல் வெளியிட்ட முதற்பதிப்பு!

கடைக்காரர் நம் முகத்தைப் படித்துவிட்டார்.

"ஆயிரம் ரூபாய், ஸார்."

"அட்டையே இல்லையே, ஐயா?"

"அட்டையையா படிக்கப் போகிறீர்கள்? மூட்டையோடு எடைக்கு வந்தது, ஸார். நான் பொறுக்கி எடுத்திராவிட்டால் இந்நேரம் கூழாகியிருக்கும்."

நமக்குத் திக்கென்றது. ஐயரவர்கள் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடிய நாளில், ஆற்றில் விடப்பட்ட ஏடுகளும் உண்டு; நெருப்பில் இடப்பட்டவையும் உண்டு. அவற்றுக்குத் தப்பி அச்சேறிய நூலுக்கும் மறுபடி அதே கதியா? நானூறு பாட்டுக்களில் 267-ம் 268-ம் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்றுவரை யாருக்குமே கிடைக்கவில்லை.

அந்த இடத்தைப் புரட்டினோம். 266-ஆம் பாட்டு முடியும் பக்கத்தை அடுத்து இரண்டு வெற்றுத் தாள்கள்! அச்சுக்கூடத்துத் தாள்கள் அல்ல அவை. முன்பு இதை வைத்திருந்த யாரோ ஒருவர், பைண்டு செய்யும்போது சேர்த்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார். ஒன்றின் மூலையில் பென்ஸிலால் 267, மற்றொன்றில் 268. வேறு ஓர் எழுத்தும் இல்லை. என்றேனும் கிடைத்தால் எழுதிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார் போலும்.

அதன் பிறகு பேரம் பேச நாவெழவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு, பகற் சாப்பாட்டை மறந்து ரயிலேறினோம்.

வீட்டில் நம் குழந்தை அந்தத் தாள்களைக் கண்டு, "இது சும்மாத்தானே இருக்கு? படம் போடட்டுமா, அப்பா?" என்று கேட்டது.

"கூடாது, கண்ணே! அந்த இடத்துக்கு உரியவர்கள் இன்னும் வந்து சேரவில்லை" என்றோம்.